கோச்சி ஏன் யாழ்ப்பாணத்தோடு நிற்பதில்லை? காங்கேசன்துறை நிலையத்தின் கணக்கு

கொழும்பு கோட்டையில் ஏறி வடக்கே வருகிறவர்களில் பெரும்பாலானோர் யாழ்ப்பாணத்தில் இறங்கிவிடுகிறார்கள். பைகளும் பெட்டிகளும் இறங்கி, ஓட்டோக்காரர் வந்து மொய்த்து, மேடை கலகலத்து அடங்கிய பிறகும் கோச்சி (ரயில்) அங்கே முடிவதில்லை. கொக்குவில், கொண்டாவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம் என்று இன்னும் 18 கிலோமீற்றர் அளவு ஓடி, காங்கேசன்துறைக் கடற்கரைக்குக் கிட்டப் போய்த்தான் நிற்கும். அதற்குள் பெட்டிகளில் ஆட்கள் எண்ணிவிடக்கூடிய அளவுக்கு வந்துவிடுவார்கள்.

இதில் என்ன லாபம், யாழ்ப்பாணத்திலேயே திருப்பிவிட்டால் டீசலும் நேரமும் மிச்சமாகுமே என்ற கேள்வி அடிக்கடி கிளம்புகிறது. பாதை திருத்த வேலைக்காக ரயிலை நிறுத்தும்போது கிளம்பும், நாகபட்டினம் படகு பற்றிய செய்தி வரும்போதும் கிளம்பும். கூடவே வேறு குழப்பங்கள்: வடக்கில்தான் புதுப் பாதை போட்டாயிற்றே, பிறகு ஏன் 2024இல் மாதக்கணக்காக ரயில் இல்லாமல் போனது? படகு வந்து அடைகிற ஊரிலேயே ரயில் நிலையம் இருந்தும் ஏன் இரண்டும் ஒரே பயணமாகச் சேரவில்லை?

எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே விஷயம்தான் கிடக்கிறது. காங்கேசன்துறையை ஊர்ச்சனம் ஏறி இறங்குகிற நிலையமாக மட்டும் பார்த்தால் கணக்கு உதைக்கும். அது ஒரு துறைமுகத்தின் தரைப்பக்க வாசல். பின்னாளில் ஒரு சீமெந்துத் தொழிற்சாலையும் அதோடு சேர்ந்துகொண்டது. அந்த இரண்டும் படுத்த பிறகு நிலையத்துக்கு அதன் வேலையில் பாதிகூட மிச்சமில்லை. அடிப்படையிலிருந்து வருவோம்.

வடக்குப் பாதை எங்கே தொடங்குகிறது

கோட்டையிலிருந்து பொல்கஹவெல வரை, மலைநாட்டுக்குப் போகிற பிரதான பாதையில்தான் வடக்கு ரயிலும் ஓடுகிறது. பொல்கஹவெலயில் பிரிவதைத்தான் வடக்குப் பாதை என்கிறோம். அதில் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய இடங்கள்:

1. பொல்கஹவெல சந்தி. வடக்கு ரயிலுக்கு இரட்டைத் தண்டவாளம் இங்கே வரைதான். இதற்கு மேல் போகவும் வரவும் ஒரே தண்டவாளம்.

2. மாஹோ சந்தி. மட்டக்களப்பு, திருகோணமலைப் பக்கம் போகும் பாதை இங்கே கிளை பிரிகிறது. அதாவது மாஹோ வரை வடக்கு ரயில் கிழக்கு ரயிலோடும் இடத்தைப் பங்கு போட வேண்டும்.

3. மதவாச்சி சந்தி. தலைமன்னார்ப் பாதை பிரியும் இடம்.

4. ஓமந்தை. வவுனியாவுக்குச் சற்று வடக்கே. போருக்குப் பிறகு அடியோடு புதிதாகப் போட்ட பாதை இங்கிருந்துதான் தொடங்குகிறது. வடக்குப் பாதை பற்றிய பாதிக் குழப்பம் இந்த ஓர் எல்லையை மறந்துவிடுவதால் வருவது.

5. ஆனையிறவு. பாதை யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் நுழையும் இடம். பிறகு பளை, கொடிகாமம், சாவகச்சேரி, நாவற்குழி, யாழ்ப்பாணம், அப்புறம் நாம் மேலே பார்த்த கடைசித் துண்டு.

கோட்டையிலிருந்து காங்கேசன்துறை ஏறக்குறைய 410 கிலோமீற்றர். தண்டவாள அகலம் 1,676 மில்லிமீற்றர், இந்தியாவின் அகலப் பாதைக்கு உள்ள அதே அளவு. இது வெறும் தகவல் அல்ல. சென்னை பெரம்பூர்த் தொழிற்சாலையில் செய்த எஸ்13 ரக பவர்செட்டுகள் (எஞ்சினும் பெட்டிகளும் ஒரே தொகுதியாக அமைந்த ரயில்கள்) இந்தப் பாதையில் ஓட முடிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வடக்கு முனையில்தான் முதலில் ரயில் ஓடியது

கொழும்பில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக வடக்கே நீட்டி, கடைசியாகக் காங்கேசன்துறையைத் தொட்டார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடந்தது அப்படியல்ல. தெற்குப் பக்கத்தில் பொல்கஹவெலயிலிருந்து குருநாகல் வரையான துண்டு 1894இல் திறக்கப்பட்டது. வடக்கே காங்கேசன்துறையிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகச் சாவகச்சேரி வரையான பாதை 1902 மார்ச்சில் ஓடத் தொடங்கி, அதே ஆண்டில் பளை வரை நீண்டது. அப்போது தெற்கிலிருந்து வந்துகொண்டிருந்த பாதை அனுராதபுரத்தைக்கூட எட்டவில்லை. இரண்டு முனையும் வன்னிக் காட்டுக்குள் இணைந்து, கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நேரடி ரயில் வந்தது 1905இல். அந்தப் பயணத்துக்கு 13 மணி நேரத்துக்கு மேல் எடுத்தது.

ஆக, சுமார் 3 ஆண்டுகள் குடாநாட்டு ரயில் தனித் தீவு மாதிரி, வேறெந்தத் தண்டவாளத்தோடும் தொடர்பில்லாமல் ஓடியிருக்கிறது. அப்படியானால் எஞ்சின், பெட்டி, தண்டவாளம் எல்லாம் எப்படி வந்திருக்கும்? கடல் வழியாகத்தான் வந்திருக்க முடியும். வடக்கில் பாதை தொடங்கிய இடமே ஒரு துறைமுகமாக இருந்ததில் ஆச்சரியப்பட எதுவுமில்லை. இந்தக் கோணத்தில் பார்த்தால் "ரயில் ஏன் யாழ்ப்பாணத்தைத் தாண்டிப் போகிறது" என்ற கேள்வியே தலைகீழாகிவிடுகிறது. குடாநாட்டைப் பொறுத்தவரை ரயில் காங்கேசன்துறையிலிருந்து கிளம்பித்தான் யாழ்ப்பாணத்துக்கு வந்தது.

யாழ்தேவி என்ற கடுகதி ரயில் வந்தது 1956இல். அது பயண நேரத்தை ஏறக்குறைய பாதியாக்கியது, வடக்கு மக்களின் கொழும்பு வாழ்க்கையையே மாற்றிப்போட்டது. அது தனிக் கட்டுரைக்கான கதை.

கடைசி நிலையத்தில் நடக்கிற வேலை

நடுவழி நிலையத்தில் ரயில் வரும், நிற்கும், போகும். பாதை முடிகிற நிலையத்தில் அப்படி முடியாது. வந்த ரயில் திரும்பிப் போக வேண்டும், அதற்குச் சில வேலைகள் இருக்கின்றன.

1. எஞ்சினை மறுமுனைக்குக் கொண்டுபோவது. எஞ்சின் இழுத்து வந்த ரயில் மேடையில் நின்றதும் எஞ்சின் பாதையின் முட்டுக்கட்டைக்கும் பெட்டிகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கும். கொளுக்கியைக் கழற்றி, எஞ்சினைக் கொஞ்சம் முன்னே நகர்த்தி, பக்கத்துத் தண்டவாளத்துக்கு மாற்றி, ரயிலின் முழு நீளத்தையும் கடந்துபோய், மறுபடி மாறி வந்து வால் பக்கத்தில் கோர்க்க வேண்டும். கோர்த்ததும் போதாது. பிரேக் குழாய்களை இணைத்து, கடைசிப் பெட்டி வரை பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்த பிறகுதான் புறப்படலாம். இதற்காகவே கடைசி நிலையத்தில் மேடைத் தண்டவாளத்தோடு கூட இன்னொரு தண்டவாளமாவது கட்டாயம் வேண்டும். பவர்செட் என்றால் இந்தப் பாடே இல்லை. இரண்டு முனையிலும் சாரதி அறை உண்டு, சாரதி மேடையில் நடந்து மறுமுனைக்குப் போனால் சரி.

2. பெட்டிகளைக் கூட்டிக் கழுவி, தண்ணீர் நிரப்புவது. 7 மணி நேரம் ஓடி வந்த ரயிலின் கழிப்பறைத் தண்ணீர்த் தொட்டியில் என்ன மிச்சமிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

3. சாரதியும் கார்டும் ஓய்வெடுப்பது. ஒருவர் தொடர்ச்சியாக வேலை செய்யக்கூடிய நேரத்துக்கு எல்லை உண்டு. இரவில் வந்து சேர்கிறவர் காலையில்தான் திரும்பி ஓட்டலாம், அதற்குத் தங்குமிடம் வேண்டும்.

4. அடுத்த புறப்பாடு வரை ரயிலை நிறுத்தி வைப்பது. இதுதான் நாம் கவனிக்காத விஷயம். யாழ்ப்பாண நிலையத்தில் ஒரு ரயிலை மணிக்கணக்கில் போட்டுவைத்தால் ஒரு தண்டவாளம் அடைபட்டுப்போகும், பின்னால் வருகிற ரயிலுக்கு இடமிருக்காது. காங்கேசன்துறையில் வந்து போவது கொஞ்ச ரயில்தான், இட நெருக்கடி குறைவு.

இந்த நான்கில் ஒன்றுகூட அங்கே விற்கிற பயணச்சீட்டின் எண்ணிக்கையில் தெரியாது. கடைசி நிலையத்தை அதன் சீட்டு விற்பனையை வைத்து மட்டும் எடைபோடுவது ஏன் தப்பு என்பதற்கு இதுவே போதும்.

சீமெந்து ஓடிய காலம்

காங்கேசன்துறையைச் சுற்றியுள்ள நிலம் சுண்ணக்கல். சீமெந்துக்கு முக்கிய மூலப்பொருள் அதுதான். 1950இல் அங்கே அரசாங்கச் சீமெந்துத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. சுண்ணக்கல் காலடியிலேயே கிடைத்தது, களிமண் மட்டும் மன்னார்ப் பக்கத்து முருங்கனிலிருந்து வர வேண்டும். முருங்கனோ தலைமன்னார்ப் பாதையில் உள்ள நிலையம். வரைபடத்தில் இரண்டு இடத்தையும் தொட்டுப் பாருங்கள், மதவாச்சிச் சந்திக்கு வேறோர் அர்த்தம் வரும்.

தொழிற்சாலை ஓடிய 40 ஆண்டும் காங்கேசன்துறை சரக்கு நிலையமாகவும் இருந்தது. சரக்குப் போக்குவரத்து ஒரு கடைசி நிலையத்துக்கு என்ன செய்கிறது என்பது முக்கியம். பயணிகள் ரயில் தெற்கிலிருந்துதான் நிரம்பி வரும், வடக்கு நுனியில் காலியாகும். அது எந்தக் கடைசி நிலையத்துக்கும் இயல்பு. சரக்கோ நுனியிலேயே ஏறுகிறது. சீமெந்து மூட்டை காங்கேசன்துறையில் ஏறி 300, 400 கிலோமீற்றர் தெற்கே போகும்போது முழுத் தூரத்துக்கும் ரயில்வேக்குக் கட்டணம் கிடைக்கிறது. அதாவது வருமானக் கணக்கில் அந்தக் கடைசி 18 கிலோமீற்றரைத் தாங்கிப் பிடித்தது பயணி அல்ல, மூட்டை.

1990இல் தொழிற்சாலை நின்றுபோனது. பிறகு திறக்கவேயில்லை. அதைத் திறப்பதா என்ற பேச்சு வரும்போதெல்லாம் எதிர்ப்பும் வருகிறது, அதில் நியாயமும் இருக்கிறது. காங்கேசன்துறை அடங்கிய வலிகாமப் பகுதியின் குடிநீரும் தோட்டத் தண்ணீரும் இதே சுண்ணக்கல்லுக்குள்தான் தேங்கி நிற்கின்றன. கல்லை வெட்டி எடுத்தால் தண்ணீரை வைத்திருக்கிற பாத்திரத்தையே வெட்டி எடுத்த மாதிரி. ஆகவே பழைய சரக்கு அப்படியே திரும்பி வரும் என்று எதிர்பார்த்துத் திட்டம் போடக் கூடாது. ஒரு காலத்தில் சீமெந்தை அனுப்பிய வடக்கு இன்று தன் வீட்டுக்கே சீமெந்தை வெளியிலிருந்து வரவழைக்கிறது.

1990 முதல் 2015 வரை

1990 ஜூனில் யாழ்ப்பாணத்துக்கான ரயில் நின்றது. அதற்கு முன்பே நிலைமை மோசம்தான். 1985 ஜனவரியில் முறிகண்டிக்குக் கிட்ட யாழ்தேவி குண்டுத் தாக்குதலுக்கு உள்ளாகி, படையினரும் பொதுமக்களுமாகப் பலர் இறந்தார்கள். 1990க்குப் பிறகு வடக்குப் பாதை என்பது வவுனியாவோடு முடிந்துபோன பாதை. அதற்கு மேலே தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் கழற்றப்பட்டுப் பதுங்குகுழிக்கும் காவலரணுக்கும் போயின. இரு தரப்பும் எடுத்தார்கள். பாதை இருந்த மேடு மட்டும் பற்றைக்குள் மிஞ்சியது.

காங்கேசன்துறைக்கு இன்னொரு அடியும் சேர்ந்து விழுந்தது. வலிகாமம் வடக்கு மக்கள் 1990இல் இடம்பெயர்ந்தார்கள், அந்தப் பகுதி உயர் பாதுகாப்பு வலயமானது. ரயில் போனது ஒன்று, ரயிலில் ஏறுகிற ஊரே போனது இன்னொன்று.

போர் முடிந்த பிறகு பாதை துண்டு துண்டாகத் திரும்பியது:

1. 2009 ஜூன்: தாண்டிக்குளம்
2. 2011 மே: ஓமந்தை
3. 2013 செப்டெம்பர்: கிளிநொச்சி
4. 2014 மார்ச்: பளை
5. 2014 ஒக்டோபர்: யாழ்ப்பாணம்
6. 2015 ஜனவரி: காங்கேசன்துறை

ஓமந்தைக்கு வடக்கே எல்லாம் இந்தியக் கடனுதவியில், இந்திய அரசு நிறுவனமான இர்கான் போட்டது. ஓமந்தையிலிருந்து பளை வரைக்கு சுமார் 185 மில்லியன் டொலர், பளையிலிருந்து காங்கேசன்துறை வரைக்கு சுமார் 150 மில்லியன் டொலர். வடிவமைப்பு வேகம் மணிக்கு 120 கிலோமீற்றர். இது நன்கொடை அல்ல, கடன். திருப்பிக் கட்ட வேண்டிய காசு.

2015 ஜனவரியில் காங்கேசன்துறை நிலையம் திறந்தபோது சுற்றியுள்ள நிலங்களில் பெரும்பகுதி இன்னும் படையினர் வசம். பக்கத்து மயிலிட்டித் துறைமுகம் 2017இல்தான் விடப்பட்டது. மீள்குடியேற்றம் கட்டம் கட்டமாக, ஏக்கர் ஏக்கராக நடந்துகொண்டிருந்த இடத்தில் நிலையம் முதலில் வந்துவிட்டது. "காங்கேசன்துறையில் ஏற ஆளில்லை" என்று சொல்கிறவர்கள் இந்த வரிசையை மறந்துவிடுகிறார்கள். ஆளை 25 வருடம் வெளியே நிறுத்திவைத்துவிட்டு, ஆளில்லை என்பது என்ன கணக்கு?

ஒற்றைத் தண்டவாளம்: தாமதம் எங்கே பிறக்கிறது

காங்கேசன்துறையில் ரயில் பிந்தினால் நிலைய அதிபரைத் திட்டுவது எளிது. பிந்திய காரணம் பெரும்பாலும் அங்கிருந்து 200, 300 கிலோமீற்றர் தெற்கே இருக்கும்.

ஒற்றைப் பாதையில் இரண்டு நிலையங்களுக்கு நடுவே ஒரு நேரத்தில் ஒரு ரயில்தான் இருக்கலாம். எதிரெதிரே வருகிற இரண்டு ரயில்கள் விலகிப் போவது இரண்டாம் தண்டவாளம் உள்ள நிலையத்தில் மட்டும்தான். இதைக் காப்பதற்குப் பழைய முறையில் டேப்லட் என்ற உலோக வில்லை இருந்தது. இரண்டு நிலையங்களிலும் பூட்டிய இயந்திரம். அவை மின்கம்பியால் இணைந்தவை. ஒன்றிலிருந்து ஒரு வில்லையை எடுத்துவிட்டால் அது மறுபடி உள்ளே போகும்வரை இன்னொன்று வெளியே வராது. அந்த வில்லையைத் தோல் பையில் போட்டு, பெரிய வளையத்தில் கோர்த்துச் சாரதியின் கைக்குக் கொடுப்பார்கள். நிற்காத ரயில் என்றால் மேடையில் ஒருவர் வளையத்தை நீட்டிப் பிடித்திருக்க, சாரதியின் உதவியாளர் ஓடுகிற எஞ்சினிலிருந்து கையை விட்டு அதை வாங்கிக்கொண்டு, முந்திய வில்லையின் வளையத்தை எறிந்துவிட்டுப் போவார். வேகத்தைக் குறைக்காமல் இதைச் செய்ய முடியாது. ஒவ்வொரு நிலையத்திலும் இப்படிச் சில நிமிடம் கரையும். ஓமந்தைக்கு வடக்கே புதிய பாதையோடு வண்ண விளக்குச் சைகைகள் வந்துவிட்டன, அங்கே இந்த வேலை இல்லை.

சரி, கணக்குக்கு வருவோம். உதாரணத்துக்கு, விலகக்கூடிய இரண்டு நிலையங்களுக்கு நடுவே 18 கிலோமீற்றர், ரயில் மணிக்கு 60 கிலோமீற்றரில் போகிறது என்று வைத்துக்கொள்வோம்.

1. கடக்க 18 நிமிடம், சைகை மாற்ற 5 நிமிடம், மொத்தம் 23 நிமிடம்.

2. ஒரு நாளில் 1,440 நிமிடம். 23ஆல் வகுத்தால் ஏறக்குறைய 62. இரண்டு திசைக்கும் சேர்த்து 62 ரயில், காகிதத்தில்.

3. நடைமுறையில் அதில் பாதி வந்தாலே பெரிய விஷயம். யாரும் நடுச்சாமம் 2 மணிக்குக் கிளம்பி 9 மணிக்குப் போய்ச் சேர விரும்புவதில்லை, எல்லோருக்கும் காலை அல்லது இரவு ரயில்தான் வேண்டும்.

அந்தப் பாதியைக் கொண்டு பார்த்தாலும் இன்று வடக்கே போகிற ரயில்களை விட நிறையவே போகலாம். அதனால் "பாதையில் இடமில்லை" என்பது ஓமந்தைக்கு வடக்கே பொருந்தாத சாக்கு. உண்மையான இறுக்கம் இரண்டு இடத்தில். ஒன்று, ஒரு ரயில் 15 நிமிடம் பிந்தினால் எதிரே வருவது எங்கோ ஒரு சின்ன நிலையத்தில் 15 நிமிடம் காத்துக் கிடக்கும், அதற்கு எதிரே வருவதும் பிந்தும். இரட்டைப் பாதையில் ஒரு ரயிலோடு போகிற தாமதம் ஒற்றைப் பாதையில் எதிர்த்திசைக்கும் தொற்றும்.

மற்றது ரயில் பெட்டிகளின் எண்ணிக்கை. 410 கிலோமீற்றரை 7 மணி நேரத்தில் ஓடினாலும் போக வர 14 மணி, நடுவில் திருப்ப ஒரு மணி, இரவில் கழுவிப் பழுதுபார்க்கச் சில மணி. ஒரு தொகுதி ஒரு நாளில் ஒரு தடவை போய் வருவதோடு சரி. அதனால் வடக்குக்கு நாளொன்றுக்கு ஒரு சேவை கூட்ட வேண்டுமென்றால், எங்கிருந்தாவது ஒரு முழு ரயிலையும் அதற்கான சாரதி, கார்டுகளையும் கொண்டுவர வேண்டும். கொழும்பைச் சுற்றி ஓடுகிற அலுவலக ரயில் காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை என்று ஆயிரக்கணக்கானோரை ஏற்றும். அதே பெட்டிகளை வடக்குக்கு அனுப்பினால் ஒரு நாளில் ஒரே ஒரு கூட்டம்தான் போய் வரும். யாருக்குக் கொடுப்பது என்பதில் கொழும்பில் உட்கார்ந்திருக்கிறவர் யார் பக்கம் சாய்வார் என்பது தெரிந்ததுதான்.

அப்போ 2024இல் ஏன் ரயில் இல்லை

ஓமந்தைக்கு வடக்கே 120 கிலோமீற்றர் வேகத்துக்கு வடிவமைத்த பாதை. மாஹோவுக்கும் ஓமந்தைக்கும் நடுவே பழைய பாதை, பெரும்பாலும் போரில் கழற்றப்படாததால் புதுப்பிக்கப்படாமலும் போனது. இது ஒரு விசித்திரம். அழிந்த பகுதி புதிதாகிவிட்டது, தப்பிய பகுதி கிழடாகவே கிடந்தது. வேகத்தடைகள் பெருகி, வடக்கே மிச்சப்படுத்திய நிமிடங்கள் இங்கே பறிபோயின.

அந்த 128 கிலோமீற்றரைச் சீர்செய்யும் வேலையும் இந்தியக் கடனுதவியில் இர்கானிடம் போனது, சுமார் 91 மில்லியன் டொலருக்கு. இரட்டைப் பாதையாக இருந்தால் ஒன்றை மூடி மற்றதில் ஓட்டலாம். ஒற்றைப் பாதையைப் பெயர்த்தால் ரயிலையே நிறுத்த வேண்டியதுதான். 2023 ஜனவரியில் அனுராதபுரத்துக்கு வடக்கே மூடி அந்த ஆண்டு ஜூலையில் திறந்தார்கள். 2024 ஜனவரியில் மாஹோவிலிருந்து அனுராதபுரம் வரை மூடினார்கள், ஒக்டோபர் கடைசியில்தான் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு மறுபடி ஓடியது. 2025 ஏப்ரலில் அனுராதபுரத்தில் இந்தியப் பிரதமரும் இலங்கை ஜனாதிபதியும் சேர்ந்து இந்தப் பாதையைத் திறந்துவைத்து, மாஹோ முதல் அனுராதபுரம் வரையான புதிய சைகை வேலையையும் தொடக்கிவைத்தார்கள். சைகைக்கான சுமார் 14.9 மில்லியன் டொலர் மட்டும் நன்கொடை.

அனுராதபுரத்துக்குக் கீழே தண்டவாளத்தைப் பெயர்த்தால் காங்கேசன்துறையில் கொழும்புக் கோச்சி இல்லை. நுனியில் இருக்கிற நிலையத்துக்கு மாற்றுப் பாதையே கிடையாது என்பதன் நேரடி விளைவு இது.

படகு ஏன் ரயிலோடு ஒட்டவில்லை

2023 ஒக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் பயணிகள் படகு ஓடத் தொடங்கியது, சில நாளில் நின்றது, 2024 ஓகஸ்டில் வேறு படகோடு திரும்பியது. தூரம் சுமார் 110 கிலோமீற்றர், 4 மணி நேரம் அளவு. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளித்தால் சேவை நிற்கும். காங்கேசன்துறைத் துறைமுகத்தைச் சீரமைக்க இந்தியா 61.5 மில்லியன் டொலரை நன்கொடையாகத் தருவதாக அறிவித்திருக்கிறது.

படகிலிருந்து இறங்கி நேரே ரயிலில் ஏறும் பயணம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதற்கு முன்மாதிரியும் நம்மிடமே உண்டு. 1914இல் தொடங்கிய தனுஷ்கோடி-தலைமன்னார் இணைப்பில், சென்னையில் வாங்கிய சீட்டோடு ரயில், கப்பல், மறுபடி ரயில் என்று கொழும்பு வரை வரலாம். தலைமன்னார் இறங்குதுறை நிலையம் அதற்காகவே இருந்தது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது, கப்பல் இராமேஸ்வரத்துக்கு மாறியது, 1980களில் போரோடு அதுவும் நின்றது. 2015 மார்ச்சில் தலைமன்னாருக்கு ரயில் திரும்பியது, கப்பல் திரும்பவில்லை. போய்ப் பாருங்கள், ரயில் மட்டும் திரும்பிய துறைமுக நிலையம் எப்படி இருக்கும் என்று தெரியும்.

காங்கேசன்துறையில் இணைப்பு நடக்க என்ன வேண்டும்?

1. படகுக்கு நம்பத்தக்க நேரம். கடலும் குடிவரவுப் பரிசோதனையும் எவ்வளவு நேரம் எடுக்கும் என்பது நாளுக்கு நாள் மாறுமானால் எந்த ரயிலையும் அதோடு கட்ட முடியாது. படகுக்காக ரயிலைப் பிடித்து வைத்தால் மேலே சொன்ன ஒற்றைப் பாதைத் தொற்று கொழும்பு வரை பரவும்.

2. போதிய ஆட்கள். ஒரு படகில் வருவது அதிகம் போனால் 150 பேர் அளவு. அவர்களில் பெரும்பாலானோர் யாழ்ப்பாணத்துக்கே போகிறவர்கள், 18 கிலோமீற்றருக்கு வான் போதும். கொழும்புக்கு நேரே போகிறவர்கள் ஒரு பெட்டியைக்கூட நிரப்ப மாட்டார்கள்.

3. சரக்கு. என் கணிப்பில் இதுதான் மற்ற இரண்டையும் விடப் பெரியது. துறைமுகம் ஆழமாகி, சரக்குக் கப்பல் அடையத் தொடங்கி, அதிலிருந்து தண்டவாளம் வரை சரக்கு ஏற்ற வசதி வந்தால்தான் நிலையத்தின் பழைய கணக்கு உயிர்பெறும். துறைமுகத் திட்டத்தைப் பற்றிக் கதைக்கும்போது ரயில் இணைப்பையும் அதே வரைபடத்தில் போடாவிட்டால், பிறகு லொறிக்கு வீதி அகலமாகும், ரயில் பாதை அப்படியே கிடக்கும்.

யாழ்ப்பாணத்தில் திருப்பினால் என்ன ஆகும்

எல்லா ரயிலும் காங்கேசன்துறை வரை போகத்தான் வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. சிலதை யாழ்ப்பாணத்தில் திருப்பினால் போக வர ஒரு மணி அளவு மிச்சமாகும், பிந்தி வந்த ரயில் நேரத்தைப் பிடிக்கலாம். ஆனால் எல்லாவற்றையும் அங்கே திருப்பினால் மூன்று விளைவுகள் வரும். யாழ்ப்பாண நிலையத்தில் ரயில்கள் தேங்கும். கொக்குவிலிலிருந்து மாவிட்டபுரம் வரை வீடு திரும்பியும் திரும்பாமலும் இருக்கிற ஊர்களுக்கு ரயில் இல்லாமல் போகும். மூன்றாவது, பாதையைப் பாவிக்காமல் விட்டால் அதன் பராமரிப்பும் போகும். கடவைகளில் காவல் குறையும், கல்லுக்குள் புல் முளைக்கும், வேகத்தடை போடுவார்கள், பிறகு "பாதை சரியில்லை" என்பதே ரயில் விடாததற்குக் காரணமாகும்.

அந்த 18 கிலோமீற்றருக்கு இப்போது பொருந்துவது, கொழும்பு ரயில்களில் ஒரு பங்கைக் கடைசி வரை விடுவதும், மிச்ச நேரத்தில் சின்ன பவர்செட் ஒன்றைப் பளைக்கும் காங்கேசன்துறைக்கும் நடுவே ஓட்டுவதும். குடாநாட்டுக்குள் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, வேலை என்று தினமும் போய் வருகிறவர்களுக்கு கொழும்பு இரவு மெயில் ரயிலால் பயனில்லை. காலை 7 மணிக்கு முன்னால் சுன்னாகத்தில் நின்று, வேலை தொடங்கும் நேரத்துக்கு யாழ்ப்பாணத்தில் விடுகிற மூன்று பெட்டி ரயில் போதும். பளையிலிருந்து காங்கேசன்துறை வரை தண்டவாளமும் சைகையும் ஏற்கெனவே கடன் வாங்கிப் போட்டவை. தேவைப்படுவது ஒரு பவர்செட்டும், ஓட்ட ஆட்களும், அதை அங்கேயே இரவில் நிறுத்திவைக்கும் முடிவும்.